காற்றைப் பிடுங்கும் சட்டம்

“இறங்குடா கீழே!”

உத்தரவு பிறந்தது. பையன் இறங்கினான். காக்கிக் கை முன் சக்கரத்தை நோக்கிக் குனிந்தது. விரல் வால்வைத் திருகியது. ‘உஸ்’ என்றோர் ஓசை எழுந்தது. பின் சக்கரத்துக்கும் அதே மரியாதை! குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு, தண்டனை நான்கும் அரை நிமிடத்தில் நிறைவேறின. நீதிமன்றங்களிலே ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடக்கின்றனவே வழக்குகள், அவற்றைத் தீர்க்க இந்தக் காவலரை அனுப்பலாம்!

என்ன குற்றம்? நடைபாதையிலே சைக்கிள் ஓட்டினானாம்!

இடம், வடசென்னையிலே எண்ணூரை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை. பையன், கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்குமிடத்திலே உள்ள முகத்துவாரக்குப்பத்துப் பிள்ளை. மீனவர் வீட்டு மகன். பதினோராம் வகுப்பு மாணவன். முதுகிலே புத்தகப் பை. கைப்பிடியிலே ஆடுகிறது சோற்றுத் தூக்கு. ஏறி வந்த சைக்கிளோ, அரசாங்கமே அவனுக்கு அளித்தது.

“ரோட்டுல டிரெய்லர் வரிசையா நிக்குது சார். அதைச் சுத்திப் போனா, பின்னாடி வர்றவன் அடிச்சிடுவான் சார்.”

“அதெல்லாம் தெரியாது. பிளாட்பாரம் நடக்கறவங்களுக்கு. சட்டம்னா சட்டந்தான்.”

பள்ளிக்குச் செல்லும் வழியில் நின்று இதனைப் பார்த்தோம். பையன் தட்டையான இரு சக்கரங்களைத் தள்ளிக்கொண்டு, காற்றடிக்கும் கடை தேடி நடந்தான். முதல் பாடவேளையில் அவன் இடம் காலியாக இருந்தது. ‘வரவில்லை’ என்று குறிக்க வேண்டிய பேனா நம் கையிலே! குறித்தோமா இல்லையா என்பது நமக்கும் பதிவேட்டுக்கும் உள்ள வழக்கு. அதனை இங்கே இழுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் பார்த்தோம், தோழர்களே! அதே நடைபாதையின் மீது, அதே நேரத்தில், நான்கு மோட்டார் சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. ஒரு கடையின் விளம்பரப் பலகை, காலை அகட்டி வீற்றிருந்தது. மின்வாரியப் பெட்டியொன்று வழி மறித்துக் கொலுவிருந்தது. நான்கு மோட்டார் சைக்கிள்களில் ஒன்று எவருடையது என்கிறீர்கள்? காற்றைப் பிடுங்கியவர், பிடுங்கி முடித்ததும் அதிலேதான் ஏறிச் சென்றார்!

தனிப்பட்ட அந்தக் காவலர் மீது நமக்குப் பகையில்லை. அவரும் கூலிக்கு உழைப்பவர், வெயிலிலே காய்பவர், மேலதிகாரி கணக்குக் கேட்டால் காட்டுவதற்கு ஏதேனும் வேண்டும் அவருக்கு. நாற்பது அடி நீளப் பெட்டியைச் சுமந்து நிற்கும் டிரெய்லரின் சக்கரத்தில் கை வைக்க முடியுமா? உரிமையாளர் யாரோ, அவருக்குப் பின்னே எந்தக் கம்பெனியோ! கடைக்காரரின் பலகையை நகர்த்த முடியுமா? சங்கம் வந்து நிற்கும். கைக்கு எட்டிய தூரத்தில், எதிர்த்துப் பேசத் தெரியாமல், ‘சார்’ என்று சொல்லிக்கொண்டு நிற்பது சைக்கிள் ஒன்றே. ஆகவே சட்டம் அங்கே பாய்கிறது. தண்ணீர் பள்ளத்தை நாடும் என்பார்கள். இந்நாட்டிலே தண்டனையும் பள்ளத்தைத்தான் நாடுகிறது.

‘விதி’ என்ற சொல்லுக்கு நம் மக்கள் வழங்கும் பொருள் இரண்டு. தலையிலே எழுதியது ஒன்று. சட்டப் புத்தகத்திலே எழுதியது மற்றொன்று. தலையிலே எழுதப்பட்டதாகச் சொன்ன விதியை ‘யார் எழுதியது? எந்த மையால் எழுதியது? எங்கே காட்டு!’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சாலை விதியை மட்டும் ஏன், எதற்கு என்று கேளாமல் கும்பிட வேண்டுமோ? மனு எழுதினால் கேள்வி; மாநகரக் காவல்துறை எழுதினால் கற்பூர ஆரத்தியா?

கேட்போம். நடைபாதை எதற்காக? நடப்போருக்காக. ஐயமேயில்லை. இதிலே சைக்கிளுக்கு வக்காலத்து வாங்கும் நோக்கம் நமக்கு அறவே இல்லை. மீன் கூடையைத் தலையிலே தாங்கி, விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து திரும்பும் மூதாட்டி எந்தப் பக்கம் நடப்பாள்? கண் பார்வையற்றவர், கோலால் தட்டித் தட்டி வழி அறிந்து செல்பவர், எங்கே போவார்? பின்னாலிருந்து ஓசையின்றி வந்து உரசும் சைக்கிள் அவர்களுக்கு அச்சந்தான். இடித்தால் முறியும் எலும்பு பொய்யன்று. பல் விழுந்த ஆயா ஒருத்தி அன்று அங்கே இருந்தாள். “இந்தப் பசங்க மணியும் அடிக்கறதில்லை” என்று முதலிலே அலுத்துக்கொண்டவள் அவளே. காற்று பிடுங்கப்பட்டதைப் பார்த்த பிறகு அவளே சொன்னாள்: “அவன் மட்டும் எங்கடா போவான், கண்ணு? நானே கீழ எறங்க பயந்துதான் மேல நடக்கறேன்.”

அந்த ஆயா எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. ஆனால் போக்குவரத்து நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நடப்பவளை மேலே ஏற்றியதும் அச்சம். சைக்கிளை மேலே ஏற்றியதும் அதே அச்சம். ஒரே வெள்ளத்துக்குத் தப்பி ஒரே திட்டிலே ஏறி நிற்கும் இருவர் அவர்கள். திட்டின்மேல் இடம் போதவில்லை என்று இருவரையும் சண்டைக்கு விட்டு, வெள்ளத்தை மட்டும் விசாரிக்காமல் விடுவதற்குப் பெயர் சட்ட ஒழுங்காம்!

வெள்ளம் எது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சைக்கிளையும் பையனையும் சேர்த்து நிறுத்தால் எழுபது கிலோ இருக்கும். பெட்டியோடு வரும் டிரெய்லர் நாற்பது டன். வேகம் ஒன்றேயென வைத்துக்கொண்டாலும், மோதும் வலிமையில் ஐந்நூறு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு! சென்னைத் துறைமுகம், 2001 இல் எண்ணூரில் திறக்கப்பட்டு இன்று காமராசர் பெயர் தாங்கும் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என மூன்று துறைமுகங்களின் சரக்கு, வடசென்னைச் சாலைகளின் முதுகிலே ஏறுகிறது. துறைமுக வாயிலில் தாமதமானால் டிரெய்லர்கள் சாலையோரத்திலேயே வரிசை கட்டும். அந்த ஓரந்தான் சைக்கிளுக்கு உரிய இடம்! உரிய இடத்தை டிரெய்லர் பிடித்துக்கொண்டது. நடுச்சாலையிலே சென்றால் மற்றொரு டிரெய்லர். மேலே ஏறினால் போலீஸ். பையன் பறக்கத்தான் வேண்டும். அதற்கும் ஏதேனும் ஒரு சட்டம் இருக்கும்!

இதிலே வேதனை கலந்த வேடிக்கை ஒன்றுண்டு. லாரி பிறந்த ஊரும் இதுதான். 1948 இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955 இல் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலை எண்ணூரிலேதான் எழுந்தது. புல்லட் மோட்டார் சைக்கிளை 1950 களிலே திருவொற்றியூரில்தான் பூட்டத் தொடங்கினார்கள். அந்த லாரிக்கும் அந்த மோட்டார் சைக்கிளுக்கும் திருகு முடுக்கிய தொழிலாளிகள் எதிலே வேலைக்கு வந்தார்கள்? சைக்கிளிலே! ஆலைச் சங்கு ஊதினால், வாயிலிலிருந்து சைக்கிள்கள் ஆறாகப் பெருகும். அவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று, பாட்டன் செய்த லாரிக்கு அஞ்சி நடைபாதையில் ஏறுகிறார்கள். ஏறினால் காற்று போகிறது.

‘சட்டம் யாவர்க்கும் பொது’ என்று சொல்வார் உளர். நன்று, சட்டத்தின் பிறப்பையே பார்த்துவிடுவோம். நடைபாதையில் குதிரையோ வண்டியோ ஏறக்கூடாதென்பது, இங்கிலாந்திலே 1835 ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் சொன்னது. அன்று இன்றைய சைக்கிளே உலகில் இல்லை! பின்னர் 1888 இல், சைக்கிளும் வண்டியே என்று அங்கே சட்டம் செய்தனர். அதே 1888 இல்தான் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். அதே 1888 இல்தான் நம் சென்னை மாநகரக் காவல் சட்டமும் பிறந்தது. காற்றும் காவலும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள்! அண்ணன் தம்பியாக இருந்திருக்க வேண்டியவை. பங்காளிச் சண்டையாக முடிந்திருக்கிறது.

சட்டத்தை ஈன்ற அந்த இங்கிலாந்து இன்று என்ன சொல்கிறது? 1999 இல், நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவோருக்கு உடனடி அபராதம் என்று கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த கையோடு, உள்துறை இணையமைச்சர் பால் போடெங் ஒரு விளக்கமும் எழுதினார்: சாலைப் போக்குவரத்துக்கு அஞ்சி நடைபாதையில் ஏறி, நடப்போருக்கு மதிப்புக் கொடுத்துச் செல்பவரைப் பிடிப்பதற்காக அன்று இந்த அபராதம், காவலர் பகுத்துப் பார்த்துச் செயல்பட வேண்டும் — இதுவே அதன் கருத்து. 2014 இல் இதே விளக்கம் மீண்டும் உறுதி செய்யப்பட்டது. ஜப்பானிலோ 2008 முதல், பதின்மூன்று வயதுக்குட்பட்ட சிறாரும், எழுபது கடந்த முதியோரும், சாலை நிலைமையால் வேறு வழியற்றோரும் நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாமென்று சட்டமே இடம் தருகிறது. வேகமாகச் சென்று நடப்போரை அச்சுறுத்துவோருக்குத் தண்டனை, வழியின்றி ஏறி மெல்லச் செல்வோருக்கு மன்னிப்பு! நடப்பவர் காப்பாற்றப்படுகிறார், சைக்கிள்காரரும் சாகவில்லை. வெள்ளைக்காரனிடமிருந்து சட்டத்தை வாங்கிவைத்துக்கொண்டோம். அதனை நடத்தும் அறிவை மட்டும் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டோம் போலும்!

அறிவைத் திருப்பி அனுப்பினால் என்னாகும் என்பதற்குக் கல்கத்தாவே சான்று. அங்கே நடைபாதையிலிருந்து அன்று, சாலையிலிருந்தே சைக்கிளை விரட்டினார்கள். 2008 இல் சில சாலைகளில் தொடங்கிய தடை, 2013 இல் 174 சாலைகளுக்குப் பரவியது. தடை விதித்தது காவல்துறை. காரணம்? சைக்கிள் மெதுவாகச் செல்கிறதாம். மோட்டாரின் வேகத்தைக் கெடுக்கிறதாம்! யார் அந்தச் சைக்கிள்காரர்கள்? பால்காரர், செய்தித்தாள் போடுபவர், கொத்தனார், தச்சர், வீட்டு வேலைக்குச் செல்வோர். அபராதம் கட்டினார்கள், சைக்கிளைப் பறிகொடுத்து நின்றார்கள். பொதுவுடைமை பேசிய ஆட்சியில் தொடங்கியது; ஏழையின் தாய் என்ற ஆட்சியிலே பெருகியது. கொடி மாறியது; சைக்கிள்காரன் தலையெழுத்து மாறவில்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே எண்ணிக்கை குறைந்தது. பின் 2020 இல் கொரோனா வந்தது. பேருந்தில் ஏற மக்கள் அஞ்சினர். அப்போது அதே காவல்துறை, சைக்கிளுக்குச் சில சாலைகளைத் திறந்துவிட்டது! நேற்றுவரை நகரத்துக்கு இடைஞ்சலாக இருந்தவன், நோய் வந்தவுடன் நண்பனாகிவிட்டான். தடை ஏதோ இயற்கை நியதி என்று நம்பியவர்கள் அன்றாவது கண் திறந்திருக்க வேண்டும்.

தெருவிலே யார் செல்லலாம் என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. 1924 இல் வைக்கத்திலே, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கலாகாது என்று தடை இருந்தது. நாய் நடக்கலாம், பன்றி நடக்கலாம், மனிதன் நடக்கக்கூடாது! ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார், இருமுறை சிறைப்பட்டார் அந்தத் தெருவுக்காக. அங்கே தடுத்தது சாதி. இங்கே மறிப்பது போக்குவரத்து விதி. இரண்டும் ஒன்றென்று சொல்லும் அளவுக்கு நாம் அறிவிழக்கவில்லை. ஆயினும், ‘ஊர்த் தெருவுக்குள் வந்தால் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போ’ என்று சேரிப் பிள்ளைகளுக்குக் கட்டளையிட்ட சாதித் திமிரைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பல கண்டிருக்கின்றன. ‘இறங்குடா கீழே’ என்ற குரலைக் கேட்கும்போது அந்தப் பழைய குரல் நம் காதிலே மோதுகிறதே, என்ன செய்வது? சைக்கிளில் அமர்ந்தவன் தலை, நிற்பவன் தலைக்குச் சற்றே உயரத்தில் இருக்கிறது. அந்தச் சிறு உயரத்தைக்கூடப் பொறுக்காதோர் எந்நாளும் உண்டு.

அந்த உயரத்தின் அருமையைப் புதுக்கோட்டைப் பெண்களைக் கேளுங்கள். 1990 களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் கற்ற ஆயிரமாயிரம் பெண்கள், தண்ணீருக்கும் வேலைக்கும் எவரையும் எதிர்பாராது தாமே சென்றார்கள். தமிழக அரசு 2001 இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குச் சைக்கிள் தரத் தொடங்கி, பின்னர் 2005 இல் அதனைப் பிற மாணவருக்கும் விரித்தது. இந்தியாவுக்கே வழிகாட்டிய திட்டம்; பெருமைப்படுகிறோம். ஆனால் சைக்கிளைத் தந்த அரசு, அதை ஓட்டுவதற்கு ஓரடிப் பாதை தர மறந்துவிட்டது. கல்வித்துறை சைக்கிளைத் தருகிறது. காவல்துறை காற்றைப் பிடுங்குகிறது. இரு துறைகளும் ஒரே கோட்டையிலேதான் இருக்கின்றன. இடையிலே வராந்தாதான் இருக்கும். நடந்து சென்று ஒருமுறை பேசிக்கொண்டால் என்ன? அங்கே நடைபாதை நன்றாகவே இருக்கும்!

பணமில்லை என்பார்களோ? 2014 இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது: போக்குவரத்துக்கென ஒதுக்கும் பணத்தில் 60 விழுக்காட்டையேனும், நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் உரிய வசதிகளுக்குச் செலவிட வேண்டும் என்று. படித்தபோது உள்ளம் குளிர்ந்தது. 2019 இல் தியாகராயநகர்ப் பாண்டிபஜாரிலே நடப்போர் வளாகம் திறக்கப்பட்டது. அகலமான நடைபாதை, அமர இருக்கைகள், அழகு விளக்குகள். வாழ்க! நாம் பொறாமைப்படவில்லை. கடைக்கு வந்து பட்டும் பாத்திரமும் வாங்குவோர் காலாற நடக்கட்டும். ஆனால் 2011 இலேயே திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மாநகராட்சியோடு இணைந்துவிட்டன அல்லவா? எண்ணூரும் அதே மாநகரந்தானே? உலாவுவதற்காக நடப்பவருக்கு வளாகம். பிழைப்பதற்காக நடப்பவருக்குப் புழுதி! கால்களிலும் வடக்கு வாழவில்லை, தெற்கு வாழ்கிறது என்று பேச வேண்டிய நிலைமை, ஒரே நகரத்துக்குள்ளே!

2025 மே திங்களில் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21 ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. உயர்ந்த தீர்ப்பு! 2022 இல் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில், 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்று நடுவண் அரசின் கணக்கே கூறுகிறது. அவர்களைச் சாய்த்தவை மோட்டார் வண்டிகளா, பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களா? நடைபாதையில் மோட்டார் வண்டி ஏறக்கூடாதென்று 1989 ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே எழுதியிருந்தது. அந்த வரியை அன்றாடம் மிதித்துச் செல்லும் மோட்டார் சைக்கிள்களை விட்டுவிட்டு, உச்ச நீதிமன்றத்தின் பெயரால் முகத்துவாரக்குப்பத்துப் பையனைப் பிடிப்பது, கொசுவை விட்டுவிட்டுக் கொசுவலையை அடிப்பதாகும்.

காற்று என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது; எண்ணூர்க்காரருக்கு வராமல் இருக்குமா? 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, கழிமுகத்தைக் கருப்பாக்கியது. வலையிலே எண்ணெய், படகிலே எண்ணெய், அலையாத்திச் செடியிலே எண்ணெய். அந்தப் பிசுக்கு நீங்குமுன், அதே திங்கள் 26 ஆம் நாள் நள்ளிரவில், உரத் தொழிற்சாலையொன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, மூச்சுத் திணற, பெரியகுப்பத்து மக்கள் இருட்டிலே சாலைக்கு ஓடினார்கள். அந்த நிகழ்ச்சிகளுக்கெல்லாம் குழு அமைத்தார்கள், நிபுணர் வந்தனர், அறிக்கை எழுதினர், பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்தது. நிறுவனங்களின் பக்கம் பேச வழக்கறிஞர்கள் நின்றார்கள். அதுதான் முறை, எவர் மீதும் விசாரணையின்றித் தண்டனை கூடாது. ஓர் ஊரின் காற்றைப் பற்றிய வழக்கில் இவ்வளவு பொறுமை காட்டத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு பையனின் டயரிலிருந்த காற்றைப் பிடுங்குமுன் ஒரு கேள்வி கேட்கப் பொறுமையில்லை. ‘ஏன் தம்பி மேலே ஏறினாய்?’ என்ற அந்த ஒரு கேள்வி!

சரி, செய்ய வேண்டியது என்ன? டிரெய்லர்களைச் சாலையோரத்தில் நிறுத்தவிடாது, துறைமுகத்தை ஒட்டிய திடல்களுக்கு அனுப்புவது முதல் வேலை. அதைச் செய்தாலே ஓரம் திரும்பக் கிடைக்கும். அந்த ஓரத்திலே, வெறும் வெள்ளைக் கோடு போடாமல், கல் பதித்துப் பிரித்துச் சைக்கிளுக்கெனத் தடம் அமைப்பது அடுத்தது. தடம் வரும்வரை, அஞ்சி ஏறியவனை அடையாளம் கண்டு விடவும், நடப்போரை இடிப்பவனை மட்டும் நிறுத்தவும் காவலருக்கு எழுத்து மூலம் உத்தரவு தருவது. டயரிலிருந்து காற்றைப் பிடுங்கும் அதிகாரம் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று மாநகரக் காவல் ஆணையர் சொன்னால், அதையும் படிக்க ஆவலாக இருக்கிறோம். தடம் வந்த பிறகும் நடைபாதையில் விரையும் சைக்கிளைப் பிடியுங்கள். நாமே சாட்சிக்கு வருகிறோம்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் பகுதிச் சாலையில், பள்ளி நாள் ஒன்றில், காலை 7 மணி முதல் 9 மணி வரை, இருவர் இருவராக நில்லுங்கள். ஒரு தாளை நான்காக மடித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் நின்ற டிரெய்லர் எத்தனை, நடைபாதையில் நின்ற மோட்டார் சைக்கிள் எத்தனை, நடைபாதையில் ஏறிய சைக்கிள் எத்தனை, காவலர் நிறுத்தியது எவற்றை எத்தனை முறை என்று கோடு போட்டு எண்ணுங்கள். முழக்கம் வேண்டாம், காவலரோடு வாதம் வேண்டாம். எண்ணிய தாளில் நாளும் இடமும் எழுதி, வட்டாரக் கவுன்சிலரிடம் ஒன்று, காவல் நிலையத்தில் ஒன்று கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மூன்றாம் படியை இந்த ஏட்டுக்கு அனுப்புங்கள். எண்ணூர்ச் சாலைக்கான தாளை, வரும் திங்கட்கிழமை காலையில் நாமே எண்ணுகிறோம். அந்தப் பையனும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறான் — சைக்கிளில்தான்.